கூரைமேல் பதினேழு கோடை

யூமாவில் ஜூன் பன்னிரண்டு.
தபால்பெட்டியைத் தொட்டால் விரல் சுடுகிறது.
எலிசெயோ கையுறை மாட்டிக்கொண்டுதான்
ஏணிப்படியைப் பிடிக்கிறான்.
கீழே நின்று மாவிஸ் ஹோல்கம் கத்துகிறாள்:
"போயிடுச்சா?"
"இல்லை. இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

மூடியைக் கழற்றினால் உள்ளே கையெழுத்துகள்.
தகரத்தின் மேலேயே மார்க்கரில்
வந்துபோனவர்கள் விட்டுப்போன தேதிகள்.
கெப்பாசிட்டர், பதினொன்று, ஆகஸ்ட்.
விசிறி மோட்டார், பதினாறு, ஜூலை.
(அந்த ஆள் பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி வரைந்திருக்கிறான்.)
மறுபடி கெப்பாசிட்டர்.
கேஸ், இரண்டு பவுண்டு, ஒழுகுமிடம் தெரியவில்லை.
குளிர்காலத் தேதி ஒன்றுகூட இல்லை.
ஜனவரியில் யாருக்கும் இதன் நினைப்பே வந்ததில்லை.

தகட்டில் பிறந்த வருடம் வெளுத்துவிட்டது.
தொடர் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு
பதினேழு என்கிறான்.
மலைப்பக்கம் இருபதுகூட ஓடும்.
கடலோரம் உப்புக்காற்று தின்றுவிடும், பத்தே அதிகம்.
இங்கே, வருடத்தில் ஏழு மாதம்
இரவும் பகலும் ஓடுகிற பிழைப்பில்
பதினேழு என்பது கலியாணச் சாவு.

அவள் யோசிக்காதவள் இல்லை.
முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்,
டயர் இடுக்கில் காசை நுழைத்துத் தேய்மானம் பார்ப்பவள்,
கடைசி நொடியில் பிரேக் அடிப்பவர்களை
மனிதர்களாகவே மதிக்காதவள்.
இதற்குப் பத்து வயது ஆனபோதே
வங்கியில் தனிக்கணக்குத் தொடங்கினாள்.
மாதம் அறுபது டாலர்.
கணக்கின் பெயர்: கூரை.

அதற்கப்புறம்
பிஸ்கட் என்கிற நாய்
ஒரு சோளத்தண்டை முழுசாக விழுங்கியது.
டேரில் என்கிற மகன்
ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபோனில்
"கேட்காதேம்மா, அனுப்பு" என்றான்.
பிறகு கடைவாய்ப் பல்.
மிச்சம் ஆயிரத்து நானூறு.
எலிசெயோ எழுதிய தாளில் இருப்பது
அதைப்போல ஏழு மடங்கு.

"கெப்பாசிட்டரை மாத்திட்டேன், காயிலைக் கழுவிட்டேன்.
இந்தக் கோடையைத் தாண்டிடும்.
அடுத்ததுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.
ஜனவரியில் கூப்பிடுங்க, அப்போ விலை இறங்கும்,
நாங்களும் ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இருப்போம்."
பிறகு பேனா மூடியைக் கடித்தபடி
எல்லாரிடமும் கேட்பதைக் கேட்கிறான்:
"இந்த வீட்ல இன்னும் எவ்வளவு நாள் இருப்பீங்க?"

படிவத்தில் அதற்குக் கட்டங்கள் இருக்கின்றன.
ஐந்துக்குக் கீழே.
ஐந்திலிருந்து பத்து.
பத்துக்கு மேலே.

அவளுக்கு எழுபத்து நான்கு.
புதுசு பதினைந்து வருடம் ஓடும்.
கூட்டிப் பார்த்தாள், சிரிப்பு வந்தது.
"உன் வீட்டு ஏசிக்கு என்ன வயசு?"
எலிசெயோ ஷூவைப் பார்த்தான்.
"இருபத்திரண்டு.
ஸ்டார்ட் ஆகலேன்னா ஒரு குச்சியால
விசிறியைச் சுத்திவிடுவேன்.
யார்கிட்டயும் சொல்லாதீங்க,
நீங்க அப்படிச் செய்யவும் கூடாது."

படிவம் குளிர்பெட்டிக் கதவில்
காந்தத்தின் கீழே இருந்தது, டிக் இல்லாமல்.

இரவு இரண்டு பத்துக்கு
மேலே சத்தம் நின்றது.
ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.
நாய் குளியலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது.
நான்கு நிமிடம். ஏழு. பதினொன்று.
டக்.
ஒருமுறை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

எழுந்து போய் சமையலறை விளக்கைப் போட்டாள்.
பத்துக்கு மேலே என்ற கட்டத்தில்
பென்சிலால், தாள் கிழிகிற அழுத்தத்தில், ஒரு டிக்.
நாட்காட்டியில் ஜனவரியைத் தேடி
எலிசெயோ என்று எழுதினாள்.
ஃபோனை எடுத்து டேரிலுக்கு அடித்தாள்:
கேட்காதே, அனுப்பு.

மூன்று புள்ளிகள் தோன்றின, மறைந்தன, தோன்றின.

தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாள்,
மேலே இருப்பது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று.
நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.